சத்தம் மட்டும் கேட்டவர்

மருந்துக் கம்பெனி ரெப் வேலை என்றால் டாக்டர் வீட்டு வாசலில் பையும் கழுத்துப்பட்டையுமாகக் காத்துக் கிடப்பது என்றுதான் எங்கள் வீட்டிலேயே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பாதி. மீதிப் பாதி கூட்டம் போடுவது. புதிதாக ஒரு மாத்திரை வந்துவிட்டால் போதும், மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிடும். ஹோட்டலில் ஹால் பிடி, டாக்டர்களைக் கூப்பிடு, மதுரையிலிருந்து பெரிய டாக்டர் வந்து பேசுவார், மைக் வேண்டும், ஸ்லைடு போட வேண்டும், சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குத் திருநெல்வேலியில் குறைவில்லை. ஸ்லைடு புரொஜெக்டருக்குத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாய் படாத பாடு பட்டேன். அப்படி அலைந்த சமயத்தில் கிடைத்தவர் அண்ணாச்சி.

ஜங்ஷனில் ஒரு லாட்ஜை ஒட்டிய சந்துக்குள் கடை. வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றின் வாயில் ஒன்று செருகி நிற்கும். உள்ளே ஆம்ப்ளிஃபயர், மைக் ஸ்டாண்டுகள், சுருட்டி வைத்த வெள்ளைத் திரை, இரண்டு டி.வி., கேசட் போட்டுப் படம் காட்டும் ஒரு டெக். எல்லாவற்றுக்கும் பின்னால், மனைவியின் பழைய சுங்கடிச் சேலையில் சுற்றி, அந்த புரொஜெக்டர். ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் வயல் வைத்திருந்த பிள்ளைமார் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் ஆசிரியர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் போய்விட்டார்கள். இவர் மட்டும் குழாய் கட்டப் போனதில் சொந்தக்காரர்களுக்கு மனத்தாங்கல். விசேஷ வீடுகளில் அவரை அறிமுகப்படுத்தும்போது 'எலக்ட்ரிகல் லைன்ல இருக்கான்' என்று மழுப்புவார்கள்.

முதல் கூட்டமே எனக்கு அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. மதுரை டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். எனக்கே பாதி புரியவில்லை. முடிந்ததும் எங்கள் மேனேஜர், எல்லோரிடமும் நல்லவர் போல நடிக்கும் பழக்கம் உள்ளவர், அண்ணாச்சியின் தோளில் கை போட்டு, "எப்படி இருந்தது பேச்சு?" என்று கேட்டார்.

"அருமையா இருந்துச்சி சார். 'ச' வார எடத்துல மட்டும் கொஞ்சம் சீறுச்சி. முன்பல்லுல இடைவெளி இருக்கும்போல. மேல் சத்தத்தக் கொறச்சி விட்டுட்டேன், சரியாப் போச்சி."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியைப் பார்த்தேன்.

இதுதான் அண்ணாச்சி. அவர் காதுக்குச் சத்தம் வரும், சொல் வராது. மைக்கைச் சோதிக்கும்போதுகூட ஊர் உலகமெல்லாம் சொல்கிற 'ஹலோ, மைக் டெஸ்டிங்' அவர் வாயில் வந்ததில்லை. "ஸ்ஸ்ஸ்... ப்ப்பூ... ம்ம்ம்..." என்று மூன்று ஓசை. அதோடு சரி. ஏன் அண்ணாச்சி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டால், "வார்த்த எதுக்குவே? அத வச்சி நான் என்ன செய்ய?" என்பார். ஆம்ப்ளிஃபயரில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் முள் ஒன்று ஆடும். பேசுகிறவரின் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கூட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவர் கண் அந்த முள் மேல்தான். மேடையில் இருப்பது மந்திரியா மாப்பிள்ளையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதனால் ஒருமுறை பெரிய வம்பாகிவிட்டது. டவுனில் ஒரு மண்டபத்தில், காலமாகிப்போன தலைமையாசிரியர் ஒருவருக்குப் படத்திறப்பு. அண்ணாச்சி மேடைக்குப் பக்கவாட்டில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பேசியவர்கள் எல்லோரும், அவர் ஒரு தங்கம், அவர் போல் இன்னொருவர் வரப்போவதில்லை, அவர் இல்லாத பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று பேசி அமர்ந்தார்கள். கடைசி ஆள் பேசி முடித்து இறங்கியதும் அண்ணாச்சி கேசட்டைத் தட்டிவிட்டார். கெட்டிமேளத்தோடு நாதஸ்வரம்! செத்தவரின் மகன் கையில் கிடைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். நல்லவேளை, நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் நான் போய்க் கேட்டபோது அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. "ரிட்டையர்டு பார்ட்டின்னு நெனச்சிட்டேன் வே. ரெண்டுக்கும் ஒண்ணுபோலத்தான பேசுதாங்க?"

"படத்துக்கு மாலை போட்டிருந்தாங்களே அண்ணாச்சி. மேடையைப் பார்க்கலையா?"

"நான் எங்கன மேடையப் பாத்தேன்? முள்ளத்தான பாத்தேன்."

அவருடைய இந்தக் குறை ஊருக்கு வசதியாகவும் இருந்தது. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே வாரத்தில் அவரிடம் மைக் எடுப்பார்கள். இங்கே பேசியதை அங்கே போய்ச் சொல்வார் என்ற பயம் யாருக்கும் கிடையாது. ஒரு பொதுக்கூட்டத்தில் யாரையோ யாரோ கேவலமாகத் திட்டிவிட்டதாகப் புகாராகி, போலீஸார் இவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மேடைக்கு மிக அருகில் இருந்த ஆள் ஆயிற்றே. "என்னய்யா பேசினான்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, இவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "மூணாவதாப் பேசுனவருக்கு மூக்கடப்பு இருந்துச்சிய்யா" என்றாராம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சொத்துச் சண்டை, சம்பந்திச் சண்டை எதுவானாலும் அவர் முன்னால் தாராளமாகப் பேசலாம். அண்ணாச்சி இருக்கும் இடத்தில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

கடைக்கு மேலேயே வீடு. கூட்டத்துக்கு முந்தின நாள் சாமான்களைப் பார்த்துவைக்கப் போனால் மதியம் சாப்பிடாமல் விட மாட்டார்கள். அவருடைய மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மதினி வைக்கிற தேங்காய்ப்பால் சொதியைச் சாப்பிட்ட அன்று வேறு எதையும் சாப்பிட மனம் வராது. பரிமாறிக்கொண்டே பேசுவாள். நல்ல கணீரென்ற குரல். அவள் பேசும்போது அண்ணாச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு லேசாகத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பார்க்கிறவர்களுக்கு, அடடா, பெண்டாட்டி பேச்சை இப்படிக் கேட்கிற மனுசனும் இருக்கிறானா என்று தோன்றும்.

"நம்பாதிய தம்பி" என்பாள் மதினி. "இவுகளுக்கு நான் பொண்டாட்டியில்ல, ரேடியோ. சத்தம் நல்லா வருதான்னு பாப்பாக. என்ன சேதின்னு கேக்க மாட்டாக. நேத்துத் தேங்காய் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனேன். வெறுங்கைய வீசிட்டு வாராக. கேட்டா, 'நீ சொல்லும்போது பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடிச்சி, அதுக்கு மேல உன் சத்தம் தனியாக் கேட்டுச்சி'ங்காக. நான் அந்தச் சத்தத்த அரச்சிக் கொழம்பு வைக்கவா?"

அண்ணாச்சி குழந்தை மாதிரிச் சிரிப்பார். "என்ன சொன்னாங்கது முக்கியமில்ல வே. இவ சத்தத்த வச்சே மேலுக்கு முடியலன்னா கண்டுபிடிச்சிருவேன். காலையில எந்திரிச்சி ஒரு வார்த்த பேசட்டும், சளியா காய்ச்சலான்னு நான் சொல்லிருவேன்." அது பொய்யில்லை. மதினி வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் சுக்குத் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி காய்ச்சி வந்துவிடுவார். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கப் பொறாமையாக இருக்கும். என் வீட்டில் நான் சொல்வதும் யாருக்கும் கேட்காது, என் சத்தமும் யாருக்கும் வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மாவின் கூட்டங்கள் தொடங்கின. பாளையங்கோட்டையில் இருந்த சர்ஜன் அவர். மார்பில் புற்றுநோய் வந்த பெண்கள் எல்லாம் கைமீறிப்போன பிறகே தன்னிடம் வருகிறார்கள் என்று அவருக்கு ஒரு கோபம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு கோபப்பட்டால் ஆகாது என்று ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தார். எங்கள் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. ஹாலும் சாமான்களும் என் பொறுப்பு. ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம், ராதாபுரம் என்று வாடகை வேனில் புரொஜெக்டரையும் திரையையும் ஏற்றிக்கொண்டு போவோம். வேனில் டாக்டரம்மா ஸ்லைடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வரிசைப்படுத்திக்கொண்டே வருவார்.

கூட்டம் தொடங்குமுன் ஆண்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். படங்கள் அப்படி. நானும் வேன் டிரைவரும் வெளியே மரத்தடியில் நின்று வெள்ளரிக்காய் தின்போம். அண்ணாச்சியை மட்டும் யாரும் போகச் சொன்னதில்லை. அவரை ஆண் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவரும் மரியாதை தெரிந்தவர். ஸ்லைடை மாற்றும் பொறுப்பை நர்ஸ் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்.

டாக்டரம்மாவுக்கு மெல்லிய குரல். முதல் கூட்டத்தில் அது எடுபடவே இல்லையாம். அண்ணாச்சி என்ன செய்தாரோ, அடுத்தடுத்த ஊர்களில் அந்தக் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு இதமாக வந்ததாம். "உங்க மைக் செட்காரர் கெட்டிக்காரர். நான் சொல்றதுல ஒரு எழுத்துகூட வீணாப் போகலை" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அதை நான் அண்ணாச்சியிடம் சொன்னபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. திரும்பி வரும்போது வேனை நிறுத்தி எல்லோருக்கும் பதநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வருசத்துக்கு மேலாக அவருடைய வயர் வழியாகத்தான் அத்தனை பேச்சும் போயிற்று.

மதினி மெலிந்துகொண்டே வந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். கேட்டால், முதுகு வலி, படியேறி இறங்குவதால் இருக்கும் என்றாள். டாக்டரம்மாவைத் தெரிந்து வைத்துக்கொண்டு முதுகு வலிக்குத் தைலம் தேய்ப்பானேன் என்று நான்தான் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். மதினியைத் திரைக்கு உள்ளே படுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நாளா இருக்கு இந்தக் கட்டி?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

மதினி சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். "போன வருசம் கோயில் கொடைக்கு முன்னாலயே இருந்துச்சி டாக்டர். ஒரு வலியும் இல்ல. அதான் விட்டுட்டேன். இவுககிட்டயும் சொன்னேன்."

டாக்டரம்மா அண்ணாச்சியைப் பார்த்தார். அவருக்கு வந்த கோபத்தை நான் அன்று நேரில் பார்த்தேன். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, இதைத்தானே நான் ஊர் ஊராப் போய்ச் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களே."

அண்ணாச்சி எழுந்து நின்றார். மதினிதான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவுக வேலையா இருந்திருப்பாக டாக்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். எலும்புக்குள் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் அவள் பேசினால் அண்ணாச்சி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் என்றாள் என்றால், "தண்ணிதான கேட்ட? தண்ணிதான?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எடுக்கப் போவார். தை பிறக்குமுன் மதினி போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தோம். அவராகவே பேசினார்.

"அவ சொன்னா வே. பொய் சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சாயங்காலம். அடுப்படியில நின்னு சொன்னா. கொரலு கொஞ்சம் கம்மியிருந்துச்சி. முந்தானைய வாயில வச்சிக்கிட்டுச் சொன்னா, அதனால மேல் சத்தம் அடைச்ச மாதிரி வந்துச்சி. நான் ஒடனே சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். அவ என்னமோ என்னயப் பாத்துச் சிரிச்சா. வாங்கிக் குடிச்சா. எல்லாம் இருக்கு வே ஞாபகம். என்ன சொன்னாங்கது மட்டும் இல்ல."

ஆறுதல் சொல்வதில் எனக்குச் சாமர்த்தியம் போதாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. ரோட்டில் ஒரு ஆட்டோ போனது. அந்த ஆட்டோவில் கட்டியிருந்த குழாயில் யாரோ எதையோ விளம்பரம் செய்துகொண்டு போனார்கள். அவர் கழுத்தை நீட்டி, என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்க முயன்றார்.

அதன் பிறகு அண்ணாச்சி எல்லாப் பேச்சையும் கேட்க ஆரம்பித்தார். அதுதான் அவர் தொழிலுக்குக் கேடாக முடிந்தது. சொல்லைக் கேட்டால் அவருக்கு முள் தெரியவில்லை. கூட்டுறவுச் சங்கக் கூட்டமோ வட்டார மாநாடோ, பேசுகிறவர் முகத்தைப் பார்த்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். மைக் கீச்சென்று கூவும். ஜனங்கள் காதைப் பொத்துவார்கள். இவர் திடுக்கிட்டு எதையாவது திருகுவார், சத்தம் அடியோடு போய்விடும். கூட்டம் முடிந்ததும் பேசினவரிடம் போய், "நீங்க ரெண்டாவதா ஒண்ணு சொன்னிகளே, அது என்ன?" என்று கேட்பார். அவர்களுக்கே அது நினைவிருக்காது. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வேறு மைக் செட்காரரிடம் போய்விட்டார்கள்.

அடுத்த கோடையில் டாக்டரம்மா மறுபடியும் ஸ்ரீவைகுண்டத்தில் கூட்டம் வைத்தார். அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கம். வேறு ஆளைப் பார்க்கலாம் என்றுதான் டாக்டரம்மாவும் நினைத்தார். எப்படியோ அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. என் வீட்டு வாசலுக்கே வந்து, "நான்தான் வருவேன். வேற யாரையும் கூட்டிட்டுப் போவாதியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. வாழைத்தோட்டத்து வேலையை மதியத்தோடு முடித்துவிட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். வழக்கம்போல ஆண்களை வெளியே அனுப்பினார்கள். வழக்கம்போல அண்ணாச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் இந்தத் தடவை மரத்தடிக்குப் போகாமல் கதவை ஒட்டியே நின்றேன். டாக்டரம்மாவின் குரல் நன்றாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு இரைச்சல். பிறகு கூவத் தொடங்கி, நிற்காமல் கூவியது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு கைகளாலும் காதை இறுக்கப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பேச்சைக் கேட்க முடியாமல் முன்னமே பொத்தியிருக்க வேண்டும்; முள்ளைப் பார்க்க ஆளில்லாமல்தான் மைக் கூவியது.

உள்ளே போகலாமா கூடாதா என்று யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டரம்மா மேடையில் பேச்சை நிறுத்தியிருந்தார். அந்த அமைதியில், பின்வரிசையில் இரண்டு பெண்கள் ஏதோ சொந்தக் கதை பேசிச் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

அண்ணாச்சி எழுந்தார். நான் பிடிப்பதற்குள் பெண்களுக்கு நடுவே நடந்து பின்வரிசைக்குப் போய்விட்டார். அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்று கும்பிட்டார்.

"தாயி, அந்தம்மா என்ன சொன்னாகன்னு எனக்குச் சொல்லுங்க."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் வயதில் மூத்தவள். கையெல்லாம் வாழைக் கறை. அவளுக்கும் இவரைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் எழுந்து நின்று சொன்னாள்.

"மாருல கட்டி தட்டுப்பட்டா, வலிக்கலையேன்னு இருந்துராதீங்க, ஒடனே வந்து காட்டுங்கன்னாவ. சீக்கிரமா வந்தா பொழச்சிக்கிடலாமாம்."

"பொறவு?" என்றார் அண்ணாச்சி.

"பொறவு என்னய்யா?"

"ஊர் ஊரா வந்து மணிக்கணக்காப் பேசுனாகளே தாயி. நான் கூடவே இருந்தேன். இன்னும் நெறைய இருக்கும். எனக்குப் புரியாதது ஏதாச்சும் இருக்கும். நல்லா யோசிச்சிச் சொல்லு."

அந்தப் பெண் மேடையில் நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற ஒண்ணும் இல்லய்யா" என்றாள். "விசயம் அம்புட்டுத்தான்."